ராணுவ லாரியின் பலம் எதில் இருக்கிறது?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவச் செப்பேடுகள், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு பொருத யுத்தத்தை விரித்துரைக்கும் இடத்தில், அரிவாரணம் என்னும் யானையையும் அதிசயம் என்னும் குதிரையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அரசனுடைய கீர்த்தியில் அவனுடைய சேனையைச் சுமந்த பிராணிகளுக்கும் பங்கு கொடுத்த அந்தப் பண்பு நம் காலத்தில் அருகிவிட்டது. பல பத்தாண்டுகள் மணலிலும் சேற்றிலும் பனியிலும் நமது படைகளைச் சுமந்த லாரிகள் ஓய்வு பெற்று, ஏலத்துக்கு வந்து, இரும்பு விலைக்குப் போகின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், எத்தனை குதிரைச் சக்தி என்றும் டர்போ உண்டா இல்லையா என்றும் இரண்டே கேள்விகளைக் கேட்டு, எண் பெரிதாக இருந்தால் சிறந்தது, டர்போ இல்லாவிட்டால் பலவீனமானது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் திடமான அபிப்பிராயம். டர்போ தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. சக்தி உண்டாவதற்கு வசதி செய்து தருகிறது. அந்த வசதியை எதற்காகப் பயன்படுத்தினார்கள், எஞ்சினின் மற்ற உறுப்புகள் அதைத் தாங்குமா, லாரி எந்த நிலத்தில் எவ்வளவு உயரத்தில் ஓடப்போகிறது என்பவற்றை விசாரிக்காமல் இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுவது பிரயோஜனமற்றது. இந்த விஷயத்தைத் தெளிவாக விளக்குவதற்குப் பழைய ராணுவ லாரிகளைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேறில்லை.

முதலில் டர்போ செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்குச் சுமார் பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் நடைமுறையில் அதற்கும் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு சிலிண்டர் தானாக உறிஞ்சக்கூடிய காற்று எவ்வளவோ, அந்த அளவுதான் அதற்குள் எண்ணெயை எரிக்க முடியும். எரியும் எண்ணெய் எவ்வளவோ, அவ்வளவுதான் சக்தி. எரிபொருளில் அடங்கிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாக வெளியேறுகிறது. அப்படி வெளியேறும் வாயுவின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்துச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளச் செய்தால் அதுவே டர்போ. லாரி எஞ்சினில் உள்ள டர்போவைப் பிரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு சக்கரங்களும், விரல் பருமனுள்ள ஒரு தண்டும், அந்தத் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் தவிர வேறு பெரிய வித்தை எதுவும் தென்படாது. ஆனால் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கிச் சுழல்கிறது. அது இரும்போடு இரும்பாக உராயாமல் இருப்பது, இடையே ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் தயவால்தான்.

இந்த யுக்திக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி. 1920-களின் நடுவில் பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்னும் இரண்டு ஜெர்மானியப் பிரயாணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைச் சக்தி 2,500 ஆக உயர்ந்தது. 1951-ல் ஜெர்மனியின் மான் கம்பெனி, 8.7 லிட்டர் கொள்ளளவும் 130 குதிரைச் சக்தியும் கொண்ட தன் லாரி எஞ்சினுக்கு டர்போவைச் சேர்த்து 175 ஆக்கிக் காட்டிற்று. எஞ்சினைப் பெரிதாக்காமலே மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடியது அக்காலத்தில் பெரிய விஷயம்தான். டர்போ என்றால் சக்தி என்ற எண்ணம் பொதுமக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய கணக்குகளே காரணம்.

ஆனால் அதே மான் கம்பெனியின் உதவியோடு 1959-ல் ஜபல்பூரில் உருவாகத் தொடங்கிய நம் சக்திமான் லாரியில் டர்போ கிடையாது. ஆறு சிலிண்டர், ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவு, சுமார் 110 குதிரைச் சக்தி, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை: இவ்வளவுதான் அதன் ஜாதகம். இன்றைக்குச் சற்றே பெரிய காருக்குக்கூட இதைவிடப் பெரிய எண்ணை விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆயினும் 1965-லும் 1971-லும் இந்திய சேனையின் ஆட்களையும் அரிசியையும் குண்டுகளையும் எல்லைக்குக் கொண்டு சேர்த்தவை இந்த லாரிகள்தாம். அந்த எஞ்சினின் விசேஷம் அதன் பிஸ்டனின் தலையில் இருந்தது. பிஸ்டனின் மேற்புறத்தில் உருண்டையாகக் குடைந்த ஒரு குழி உண்டு; சாதாரண டீசல் எஞ்சினில் எண்ணெயைக் காற்றின் நடுவே பீச்சுவார்கள் என்றால், மான் கம்பெனியின் எஞ்சினியர் மொய்ரர் வகுத்த முறையில் அதை அந்தக் குழியின் சுவரின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி பீச்சுவார்கள். பூச்சு சிறிது சிறிதாக ஆவியாகி நிதானமாக எரிவதனால், எஞ்சின் அதிராமல் ஓடும். டீசல் கிடைக்காத இடத்தில் வேறு எண்ணெயை ஊற்றினாலும் அதை ஏற்றுக்கொள்ளும். யுத்தகளத்தில் கிடைத்ததைக் கொண்டு ஓட வேண்டிய வாகனத்துக்கு, இருபது முப்பது குதிரைச் சக்தியைக் காட்டிலும் இந்தக் குணம் மேலானது.

இதே முறைக்கு அனுமதி பெற்று அமெரிக்காவில் கான்டினென்டல் கம்பெனி செய்த ராணுவ எஞ்சின்களின் சரித்திரம் நம் விசாரணைக்கு மிகவும் பயன்படும். இரண்டரை டன் லாரிக்காக அவர்கள் முதலில் செய்தது ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின். அதில் டர்போ இருந்தது. சக்தி சுமார் 140. பிறகு அதற்குப் பதிலாக 7.8 லிட்டருக்குப் பெரிதாக்கிய எல்.டி. 465 என்னும் எஞ்சினை டர்போ இல்லாமல் செய்தார்கள். சக்தி ஏறக்குறைய பழைய அளவிலேயே நின்றது. அதன் பின் அந்தப் பெரிய எஞ்சினுக்கும் டர்போவைப் பொருத்தி எல்.டி.டி. 465 என்று பெயரிட்டார்கள். இப்போது சக்தி எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். சற்றும் உயரவில்லை, 130-க்கும் 140-க்கும் இடையிலேயே இருந்தது. அந்த டர்போவைச் சேர்த்ததன் முக்கிய நோக்கம் கரும்புகையைக் குறைப்பது. எண்ணெயின் அளவைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினார்கள். ஆகவே எரிப்பு சுத்தமாயிற்று, சக்தி இருந்தபடியே இருந்தது. கணவாயில் ஏறும் லாரித் தொடர் கக்கும் கரும்புகை பல மைல் தூரத்திலிருந்து எதிரிக்கு அடையாளம் காட்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், சேனைக்கு இதுவும் அற்ப லாபம் அல்ல என்பது விளங்கும்.

அதே 7.8 லிட்டர் எஞ்சினே ஐந்து டன் லாரிக்குப் போனபோது எல்.டி.எஸ். 465 என்ற பெயரோடு சுமார் 175 குதிரைச் சக்தி தந்தது. கொள்ளளவு ஒன்று, டர்போ இரண்டிலும் உண்டு, வித்தியாசம் மட்டும் நாற்பது குதிரைச் சக்தி. ஐந்து டன் லாரியின் எஞ்சினில் எண்ணெயைக் கூடுதலாக விட்டார்கள். அந்தக் கூடுதல் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் தாங்கும்படி எஞ்சினையும் தயார் செய்தார்கள். ஆகவே, டர்போ இல்லாத ஒன்றும் டர்போ உள்ள ஒன்றும் சம சக்தியோடு இருக்கலாம். டர்போ உள்ள இரண்டு, சக்தியில் வெகுதூரம் விலகியும் இருக்கலாம். நம் கிராமத்து அடுப்பங்கரையில் ஊதுகுழலை எடுத்து எவ்வளவுதான் ஊதினாலும், அடுப்பில் வைத்த விறகு எவ்வளவோ அவ்வளவுதான் உலை கொதிக்கும். ஆனால் புகைந்துகொண்டிருந்த விறகு கொழுந்துவிட்டு எரியும். ஊதுகுழலை மட்டும் பார்த்து உலையின் அளவைச் சொல்லுவார் உண்டோ?

நம் தேசத்திலேயே இதற்கு வேறு அத்தாட்சிகளும் உண்டு. 1986-ல் செக்கோஸ்லோவாக்கியாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பி.இ.எம்.எல். நிறுவனம் நம் சேனைக்காகச் செய்த டாட்ரா லாரிகளின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், டர்போ இல்லாமலே 19 லிட்டர் கொள்ளளவில் சுமார் 320 குதிரைச் சக்தி தந்தது. அதே அளவுள்ள சிலிண்டர்கள் எட்டை மட்டும் கொண்டு, 12.7 லிட்டரில் டர்போவோடு செய்த எஞ்சின் அதற்கு இணையாக இழுத்தது. நான்கு சிலிண்டர்களின் வேலையை ஒரு சிறு சக்கரம் ஏற்றுக்கொண்டது என்றே சொல்லலாம். லாரிகளை விட்டுச் சற்று விலகி ஆவடிக்குப் போனால் இன்னும் தெளிவான உதாரணம் கிடைக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யரின் டி-34 டாங்கிக்கு 500 குதிரைச் சக்தி தந்த வி-2 என்னும் 38.8 லிட்டர் எஞ்சினின் வம்சத்தில் வந்தவையே, ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் உருவாகும் வி-46, வி-92எஸ்2 எஞ்சின்கள். கொள்ளளவு மாறவில்லை, பல்சக்கரத்தால் ஓடும் காற்றழுத்தியைப் பொருத்தியதும் 780 ஆயிற்று, டர்போவைப் பொருத்தியதும் 1,000 ஆயிற்று. முற்றிலும் உள்நாட்டு உறுப்புகளைக் கொண்டு ஆவடியில் செய்த இவ்விரண்டு எஞ்சின்களும் 2018 ஜூலையில் சேனையிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. ஐந்நூறு ஆயிரமானது ஒரே நாளில் டர்போவை மாட்டியதனால் அன்று. பல பத்தாண்டுகள் ஒவ்வோர் உறுப்பையும் பலப்படுத்திக்கொண்டே வந்ததனால்.

ஆனால் டர்போவின் மெய்யான மகிமையைச் சமவெளியில் நின்று அறிந்துகொள்ள முடியாது. அதற்கு மலையேற வேண்டும். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்னும் எஞ்சினியர், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். சமுத்திர மட்டத்தில் 350 குதிரைச் சக்தி தந்த அது, மலையுச்சியில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவைப் பூட்டியதும் அதே உச்சியில் 356 தந்தது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் சக்தியை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. லடாக்கின் கர்துங்லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமுத்திர மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஜபல்பூரில் 110 என்று எழுதி அனுப்பிய எஞ்சின், அந்தக் கணவாயில் அதில் பாதியளவு சக்தியோடு முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். டர்போ உள்ள எஞ்சினிலோ, வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று, இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. சக்திமானுக்குப் பின் சேனையின் சுமையை ஏற்ற, எண்ணூரில் தோன்றிய அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள், ஜப்பானிய ஹினோ வழிவந்த டர்போ எஞ்சின்களைத் தாங்கி வந்தன. எஞ்சின் தகட்டில் எழுதிய எண்ணில் உள்ள வித்தியாசம் சிறிதாக இருக்கலாம். லே செல்லும் பாதையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. இமயமலையில் சேனையை வைத்துக் காக்க வேண்டிய ஒரு தேசத்துக்கு டர்போ அத்தியாவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பழைய எஞ்சின்கள் தாழ்ந்தவையா? அதுவும் இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெளியேறும் வாயு குறைவு. ஆகவே டர்போவும் சோம்பியிருக்கும். ராஜஸ்தான் மணலில் புதைந்து நிற்கும் லாரியை முதல் கியரில் நகர்த்தும் அந்த க்ஷணத்தில், உதவிக்கு வருவது டர்போ அன்று, சிலிண்டர்களின் கொள்ளளவே. மேலும், டர்போ இல்லாத எஞ்சினில் பழுதாகும் உறுப்பு ஒன்று குறைவு. நாள் தவறிய எண்ணெயையும் அடைபட்ட ஃபில்ட்டரையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டர்போவின் தண்டு பொறுக்காது. நெடுந்தூரம் பாரமேற்றி வந்த லாரியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், செந்தணலாகக் கொதிக்கும் சக்கரத்தின் உஷ்ணம் தண்டுக்கு ஏறி, அங்கே தேங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். அனுபவமுள்ள டிரைவர் ஓரிரு நிமிஷம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பிறகுதான் அணைப்பார். இத்தகைய கவனத்தைப் போர்க்களத்தில் குண்டுமழைக்கு நடுவே எதிர்பார்க்க முடியாது என்று பழைய காலத்து எஞ்சினியர்கள் கருதியிருந்தால், அந்தக் கருத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை.

இவையெல்லாம் சேனையின் விவகாரம், நமக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கக்கூடும். நம் ஜில்லாவின் ரஸ்தாக்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். டாட்டா லாரியின் முகத்தில் எழுதியிருந்த 1210 என்ற எண் பன்னிரண்டு டன்னையும் நூறு குதிரைச் சக்தியையும், 1613 என்ற எண் பதினாறு டன்னையும் நூற்று முப்பதையும் குறித்தவை என்பதை லாரித் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். டர்போ இல்லாத காலத்து லாரிகளையும் டர்போ வந்த காலத்து லாரிகளையும் நம் டிரைவர்கள் இரண்டு கைகளாலும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்குவாரிகளில் பாரமேற்றும் பழைய வண்டிக்கு இழுவை போதவில்லை என்று தோன்றியதும், எங்கேயோ கழற்றிய ஒரு டர்போவை வாங்கி மாட்டி, டீசல் பம்பையும் சற்று ஏற்றிவைத்துவிட்டால் போதும் என்று யோசனை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பம்பை ஏற்றினால் சக்தி கூடும். சொல்லாமல் விடுகிற மறுபாதி, டர்போவுக்கென்று செய்யாத எஞ்சினின் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீச்சிக் குளிரவைக்கும் ஏற்பாடு இராது என்பதும், அதன் அழுத்த விகிதமும் ஹெட் கேஸ்கெட்டும் வால்வும் ரேடியேட்டரும் பழைய கணக்குக்கே அமைந்தவை என்பதும், கூடிய இழுவையைத் தாங்க வேண்டிய கிளட்சும் கியர்பாக்ஸும் முன்னிருந்தவையே என்பதும் ஆகும். சில மாத சந்தோஷத்துக்குப் பின் பிஸ்டன் உருகி, லைனர் கீறி, எஞ்சின் வேலைக்கு வந்து நின்றால், நஷ்டம் யோசனை சொன்னவருக்கு இல்லை. கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்குத்தான். பழைய எஞ்சினுக்கு டர்போ வேண்டுமென்றால், அமெரிக்கர் இரண்டரை டன் லாரியில் செய்தபடி, எண்ணெயைக் கூட்டாமல், புகையைக் குறைக்கும் அளவோடு நிற்பதே விவேகம். சக்திதான் வேண்டுமென்றால், அதற்கென்றே பிறந்த எஞ்சினை வாங்குவதே சிக்கனம்.

இதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் பள்ளிக்கூடம். பழைய காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு உட்பட்ட ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று மோட்டார்த் தொழிலின் கேந்திரங்கள்; பையனூரில் டர்போவையே செய்கிறார்கள். கூரத்தையும் உத்திரமேரூரையும் சுற்றியுள்ள கிராமங்களின் பிள்ளைகளும் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு இந்தத் தொழிற்சாலைகளை நாடிப் போகிறார்கள். புத்தகத்தில் படம் பார்த்துப் படிப்பதைக் காட்டிலும், அறுத்துத் திறந்து வைத்த ஒரு சக்திமான் எஞ்சினின் பிஸ்டன் குழியைக் கையால் தடவிப் பார்த்து, பக்கத்திலேயே ஒரு ஸ்டாலியன் எஞ்சினின் டர்போச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கற்கும் மாணவன், எண்ணைக் கண்டு மயங்க மாட்டான். ஆகவே, கழிக்கப்படும் ராணுவ லாரிகளில் சிலவற்றையாவது ஏலத்தில் விடாமல், எஞ்சினோடு நம் ஜில்லாவின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் இலவசமாக வழங்கும்படி பாதுகாப்பு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றை வாங்கி வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை மாநில அரசு ஏற்க வேண்டும். சேனைக்கு இதனால் நேரும் நஷ்டம் சில டன் பழைய இரும்பின் விலைதான். அந்த எஞ்சின்களை உருவாக்கியவர்களின் அறிவு நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

லாரி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை குதிரைச் சக்தி என்று கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், எத்தனை லிட்டரில், எத்தனை சுற்றில், எவ்வளவு இழுவையோடு, எத்தனை ஆண்டு தாங்கும் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாதவர் சொல்லும் யோசனையை நம்பி, நல்ல எஞ்சினில் கை வைக்காதீர்கள்.